மூன்றாம் எண் சட்டை

கால்பந்தில் கோல் அடிப்பவரின் பெயர் ஊரெங்கும் பரவும். கோல் விழாமல் காப்பவரின் பெயர் அவ்வளவு எளிதில் பரவாது. அந்த வழக்கத்தை மாற்றியவர் இத்தாலியின் பாவ்லோ மால்தினி.

1985 ஜனவரி 20. உதினேசே அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே, ஏசி மிலான் அணிக்காக 16 வயதுச் சிறுவனாக மாற்று ஆட்டக்காரராய்க் களம் இறங்கினார். ஓய்வு பெற்றது 2009 மே மாதம், 40 வயதில். இடைப்பட்ட 25 பருவங்களிலும் ஒரே கிளப், 902 ஆட்டங்கள்!

வலதுகால் பழக்கம் உள்ள அவர், பெரும்பாலும் இடதுபுறத் தடுப்பில்தான் நின்றார். எதிரணி வீரர் பந்தோடு வரும்போது, விழுந்து பறிக்க அவர் அவசரப்படுவதில்லை. சற்றே சாய்வாக நின்று, கோலுக்குப் போகும் வழியை அடைத்து, எதிராளியை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிவிடுவார். பந்து தானாகவே அவர் காலுக்கு வரும்.

தந்தை செசாரே மால்தினி, மிலான் அணியின் கேப்டனாக 1963-இல் ஐரோப்பியக் கோப்பையை ஏந்தியவர். சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2003-இல் மகனும் கேப்டனாக அதே கோப்பையை உயர்த்தினார். மொத்தம் ஐந்து முறை அந்தக் கோப்பையை வென்ற அணிகளில் பாவ்லோ இருந்தார். இத்தாலிக்காகவும் 126 ஆட்டங்கள் ஆடினார்.

அவர் அணிந்த 3-ஆம் எண் சட்டையை மிலான் அணி இப்போது வேறு யாருக்கும் தருவதில்லை. அவருடைய பிள்ளைகள் அந்த அணிக்கு ஆடினால் மட்டுமே அதை அணியலாம். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு உண்டா?