ரூ.2,152 கோடி சண்டை: இலவச சீட் இல்லாமல் ஏழைப் பிள்ளைகள் தவிப்பு!

சென்னை: பிள்ளைக்கு எல்.கே.ஜி.யில் இலவச சீட் கிடைக்கும் என்று நம்பியிருந்த ஏழைப் பெற்றோர், 2025-ல் மாதக்கணக்கில் அல்லாடிப் போனார்கள். காரணம், மத்திய - மாநில அரசுகளின் பண மல்லுக்கட்டு!

சட்டம் என்ன?

சிறுபான்மைப் பள்ளிகள் தவிர மற்ற தனியார் பள்ளிகள், தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் இது. கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கொடுத்துவிடும்.

முட்டிக்கொண்டது ஏன்?

இதற்கான மத்திய அரசு பணம் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வருகிறது. செலவில் டெல்லி 60, மாநிலம் 40. 2024-25-க்கான ரூ.2,152 கோடியை டெல்லி நிறுத்திவிட்டது. 'பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுங்க' என்றது. போட்டால் புதிய கல்விக் கொள்கை, மும்மொழி எல்லாம் நுழையும் என்று மறுத்தது தமிழக அரசு.

சொந்தப் பணத்தில் சமாளிப்பதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் சொன்னார்கள். மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார்கள். ஆனால் இலவச சீட்டுக்கு விண்ணப்பம் மட்டும் திறக்கவில்லை!

கோர்ட்டு குட்டு

ஜூனில் சென்னை ஐகோர்ட்டு, இந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டாம் என்றது. பணம் வரவில்லை என்று மாநிலம் கைவிரிக்கவும் கூடாது என்றது.

கதவு திறந்தது அக்டோபரில். அதற்குள் பள்ளி திறந்து 4 மாதம்! ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் சலுகை. ஜூனில் கடனை உடனை வாங்கிக் கட்டணம் கட்டியவங்க தப்பிச்சாங்க. கட்ட வழியில்லாதவங்க? அவங்களுக்காகத்தானே இந்தச் சட்டமே வந்தது!