உங்களுக்குத் தெரியுமா? ஜி.எஸ்.டி. ரோடு ஜாலி கார்கள்!

குறைந்த செலவில் ஜாலியாக ஓட்ட ஒரு கார் வேண்டுமா? சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கார்க் கதைதான்!

தாம்பரம் பக்கம் ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் மறைமலை நகர். ஃபோர்டு ஐகான் பிறந்த ஊர்! செங்கல்பட்டு பக்கம் ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் பரனூர். அங்கே மகிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தயாராகிறது! நடுவில் நிற்பது யார்? நீங்கள்!

1999-ல் வந்த ஐகானுக்கு விளம்பரத்தில் வைத்த பெயர் 'ஜோஷ் மெஷின்'. சும்மா வைக்கவில்லை. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் 92 குதிரை!

மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் கார் கப்பல் ஏறி எங்கே போய் விற்றது தெரியுமா? அமெரிக்காவில்! ஃபோர்டின் சொந்த வீட்டுக்கே நம்ம ஊர்ச் சீர்வரிசை!

வண்டலூர் என்றால் சிங்கம், புலிதானா? பூங்கா திறந்தது 1985-ல். அங்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்தது 1961-ல். சிங்கத்துக்கு 24 வருஷம் சீனியர்!

அந்த ஹெரால்டை வரைந்த கை யாருடையது? இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. ஃபெராரிக்கும் மாசெராட்டிக்கும் உருவம் கொடுத்த அதே கை!

ஹெரால்டில் பானெட்டை மட்டும் தூக்க முடியாது. மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மொத்த முகமும் முன்னால் கவிழும்! மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்!

தெருவில் யூ டர்ன் அடிக்க ஹெரால்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? வெறும் 25 அடி!

ஹெரால்டின் தாய்நாடு இங்கிலாந்து. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு அங்கே கிடையவே கிடையாது. அது நம்ம இந்திய ஹெரால்டின் தனிப் பெருமை!

காருக்கு 50 வயது ஆகிவிட்டதா? கொண்டாடுங்கள்! 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 'வி.ஏ.' எழுத்து போட்ட விண்டேஜ் நம்பர் பிளேட்டே வாங்கலாம். ஆபீசுக்கு மட்டும் தினமும் ஓட்டக் கூடாது!

15 வயது கார் என்றதும் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள். தகுதிச் சோதனையில் தேறினால் ஆர்.சி.க்கு மறுபடி 5 வருஷ ஆயுள்!

உதிரி பாகம் கிடைக்காதா? சென்னையில் புதுப்பேட்டை என்று ஒரு இடம் இருக்கிறது. பழைய காரைப் பிரித்துப் பிரித்தே பெயர் வாங்கிய பேட்டை!

மாருதி 800-ஐ 'டப்பா' என்பவரிடம் இதைச் சொல்லுங்கள். அதன் 796 சி.சி. இன்ஜினை வைத்தே ரேஸ் கார் கட்டினார் கோவையின் எஸ். கரிவரதன். பெயர் ஃபார்முலா மாருதி!

அந்த ஃபார்முலா மாருதியில் ரேஸ் ஓட்டத் தொடங்கிய கோவைப் பையன் ஒருவர் 2005-ல் ஃபார்முலா ஒன் களத்தில்! இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள். நரேன் கார்த்திகேயன்!

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் ரோட்டைப் பிடியுங்கள். ஸ்ரீபெரும்புதூர் வந்தால் இருங்காட்டுக்கோட்டை பக்கம்தான். 1990 முதல் அங்கே ரேஸ் டிராக். நீளம் 3.7 கிலோமீட்டர். வளைவு 12!

அதற்கு முன்னால் மெட்ராஸ்காரர்கள் ரேஸ் பார்க்கப் போனது சோழவரம். கார் பறந்தது எதன் மேல்? இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தின் மேல்!

கடைசியாக ஒன்று. சிங்கப்பெருமாள் கோவில் குகையில் இருக்கும் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றியிலும் ஒரு கண்! பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? உங்களுக்கும் அது வேண்டும். ஒரு கண் ஆர்.சி.யில், ஒரு கண் அடிப்பக்கத் துருவில், இன்னொன்று சைலன்சர் புகையில். ஆக மொத்தம் 3!