யானைக்கு இடமில்லை, கரடிக்கு உண்டு!

ஜவ்வாது மலைக் காட்டில் வாழும் மிருகங்கள்

இரவு நேரம். காட்டுக்குள்ளிருந்து "புஸ்... புஸ்..." என்று ஒரு சத்தம். கொல்லன் பட்டறைத் துருத்தி போல் கேட்கிறது. மலைவாசிகளுக்கு உடனே புரிந்துவிடும். கரடி, கறையான் புற்றை உடைத்து விருந்து சாப்பிடுகிறது!

100 கெஜத்துக்கு அப்பாலும் இந்தச் சத்தம் கேட்கும்.

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. சுமார் 50 மைல் நீளம். 20 மைல் அகலம். மலை மேல் முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர். மேலே காடும், சாமைக் கொல்லைகளும், பலா மரங்களும் இருக்கின்றன. கீழே இறங்கினால் ஊரும் ரோடும் கழனியும்தான். வடக்கே பாலாற்றை ஒட்டி ரெயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஓடுகின்றன. தெற்கே தென்பெண்ணை ஆறு. அதன் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை. கடல் சூழவில்லையே தவிர, காட்டு மிருகங்களுக்கு இந்த மலை ஒரு தீவுதான்!

இந்தத் தீவில் புள்ளிமான் உண்டு. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல், மலைப்பாம்பு உண்டு. ஆனால் ராஜா, கரடிதான்.

பல் இல்லாத வாய்

இங்கே இருப்பது தேன் கரடி. உடம்பெல்லாம் கறுப்பு மயிர். மார்பில் மட்டும் மாலை போட்டது போல் ஒரு வெள்ளைக் கோடு. வளைந்த நீண்ட நகங்கள். கல் போன்ற புற்றையும் அவை பிளந்துவிடும்.

மேல் வரிசையில் முன்பற்கள் 2 இதற்குக் கிடையாது. அதுவே இதற்கு வசதி! மண் புகாதபடி மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும். உதட்டைக் குழாய் போல் குவித்து, பல் இல்லாத இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சிவிடும். அந்தச் சத்தம்தான் இரவில் கேட்பது.

1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்தார். நகத்தைப் பார்த்து ஏமாந்து போனார். தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் சோம்பேறி மிருகத்தின் இனம் என்று எழுதிவிட்டார். இதைச் சோம்பேறி என்று மலைக் கிராமத்தில் சொன்னால் சிரிப்பார்கள். மனிதனை விட வேகமாக ஓடக்கூடியது இது!

குட்டிகள் தாயின் முதுகில் சவாரி செய்யும். பெரும்பாலும் 2 குட்டிகள். இரண்டையும் சுமந்துகொண்டே தாய் இரை தேடும்.

ஏன் தாக்குகிறது?

கரடி மனிதனைத் தின்பதில்லை. ஆனாலும் புலியைப் போலவே இதற்கும் மக்கள் பயப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. கரடிக்கு மோப்ப சக்தி அதிகம். கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை. புற்றை உறிஞ்சும்போது தன் சத்தத்தில் ஆள் வரும் சத்தம் அதற்குக் கேட்காது. திடீரென்று பக்கத்தில் மனிதனைக் கண்டதும் மிரண்டு பாய்கிறது. நகம் முகத்தையே கிழித்துவிடும். குட்டியோடு இருக்கும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

தேனும் நாவல் பழமும் பலாப்பழமும் மனிதனுக்கும் வேண்டும், கரடிக்கும் வேண்டும். இருவரும் ஒரே மரத்தடிக்குத்தான் வந்தாக வேண்டும்! அதனால் காட்டுக்குள் தனியாகப் போகக்கூடாது. இரண்டு மூன்று பேராக, உரக்கப் பேசிக்கொண்டு போவதே நல்லது. சத்தம் கேட்டால் கரடி தானே விலகிவிடும்.

வந்த யானைகள்

சரி, யானை எங்கே? மலை அடிவாரத்தில் உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது, மலைபடுகடாம் என்ற சங்க நூல். கடாம் என்றால் யானையின் மதநீர். மலையையே யானையாகக் கண்டு வைத்த பெயர் அது. அத்தகைய சீமையிலேயே இன்று யானைக்கு இடமில்லை!

1980-களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கே நகர்ந்தன. சில, ஆந்திராவின் சித்தூர் காட்டுக்குப் போயின. ஜவ்வாது மலைப் பக்கமும் யானைகள் வந்தன. ஒரு பெரிய யானைக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 150 கிலோ தீனி வேண்டும். இந்தக் காடு போதுமா? யானைகள் கரும்புக் கொல்லையிலும் நெல் வயலிலும் இறங்கின. ஆண்டு முழுவதும் பாடுபட்ட பயிர் ஒரே இரவில் போனால் விவசாயி என்ன செய்வான்?

2013 ஆகஸ்டில் வனத்துறை கும்கி யானைகளைக் கொண்டுவந்தது. மயக்க ஊசி போட்டு 6 யானைகளைப் பிடித்தார்கள். லாரியில் ஏற்றி, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள யானை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

பிரிட்டன் தீவிலும் ஒரு காலத்தில் கரடியும் ஓநாயும் திரிந்தன. காட்டை வெட்டினார்கள், வேட்டையாடினார்கள். இரண்டும் அழிந்தன. சுற்றிலும் கடல். நடந்து திரும்பி வர அவற்றுக்கு வழி ஏது? ஐரோப்பாவின் பல நாடுகளில் ஓநாய் தானாகவே திரும்பி வந்துவிட்டது. பிரிட்டனில் இன்றும் இல்லை.

ஜவ்வாது மலைக் கரடிக்கு யானை போல் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. புற்றும் பழமும் தண்ணீரும் இருந்தால் போதும். அது தின்ற பழத்தின் விதைகள் எச்சத்தோடு விழுந்து, காட்டில் புது மரங்கள் முளைக்கின்றன.

புள்ளிமான் நிலைமைதான் பரிதாபம். சித்திரை, வைகாசியில் மலை ஓடைகள் வற்றும். தண்ணீர் தேடி மான் அடிவாரத்துக்கு இறங்கும். அங்கே ஊர் நாய்கள் துரத்தும். ஓடுகிற ஓட்டத்தில், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு கண்ணுக்குத் தெரியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட விடியற்காலையில் கிணற்றுக்கு வரும் விவசாயிதான் உள்ளே நீந்தும் மானைப் பார்க்கிறார். உடனே ஆட்கள் கயிறும் வலையுமாக ஓடி வருகிறார்கள்.