கொல்லிமலைக் குடும்பத்துக்கேற்ற கணினியும் காட்சிக் கண்ணாடியும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் கற்றோர் உள்ளத்தில் முதற்கண் வல்வில் ஓரி தோன்றுவான். அவனை அடுத்துக் கொல்லிப் பாவை தோன்றும். தெய்வத்தால் வகுக்கப்பெற்ற அப்பாவையின் எழிலை நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகின்றன. உயிரற்ற அவ்வுருவம் காண்போர்க்கு உயிருள்ள மங்கையேபோற் காட்சியளித்து, நகைத்து, அவர் அறிவை மயக்கும் என்பது பின்னோர் வழங்கிவரும் கதை. இல்லாததை உள்ளதாகக் காட்டும் அத்தொழிலையே இன்று வேறொரு பொறி செய்கின்றது. ஆங்கிலேயர் அதனை ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்பர். நாம் மெய்ந்நிகர்க் காட்சி என்கிறோம். கண்ணை முழுதும் மூடும் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தலையில் அணிந்தவுடன், திண்ணையில் அமர்ந்திருப்பவன் கடலடியிலோ திங்களின்மீதோ நிற்பதாக உணர்கின்றான்.

இப்பொறியையும், இதனுடன் பிறந்த கணினி வகைகளையும் ஒரு சிறு குடும்பம் தன் பொருள் நிலைக்கேற்பத் தேர்ந்துகொள்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொதுவாகப் பேசின் பயன் குறைவு. ஆதலின், கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய தேவனூர் நாட்டில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம்.

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலைக்குக் காரவள்ளியினின்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுதல் வேண்டும். மலைமேல் நிலம் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கின்றது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் (இவர் கேரள நாட்டாரல்லர்) சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து உண்டு, மிளகும் காப்பியும் அன்னாசியும் விற்றுப் பணம் காண்பர். மிளகும் காப்பியும் ஆண்டுக்கு ஒருமுறையே பணம் தருவன. திங்கள்தோறும் ஊதியம் பெறுவோன் தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுதிங்களிலேனும் திருத்திக்கொள்வான். மிளகு விற்று வாங்குவோன் மறு அறுவடை வரை காத்திருத்தல் வேண்டும். பழுதான பொறியும் அந்த எழுபது வளைவுகளையும் இறங்கியே பழுது நீங்க வேண்டும். எனவே, நகரத்தார்க்கு விளையாட்டாகிய தெரிவு இவர்க்கு ஓர் ஆண்டின் கணக்காகின்றது.

நம் குடும்பத்தில் மகள் மலைக்குக் கீழே கல்லூரியிற் பயில்கின்றாள். மகன் ஒன்பதாம் வகுப்பு. தாய் தந்தையருடன் பாட்டியும் உளள். கையில் உள்ள தொகை 30,000 ரூபாய் என்க.

முதலில் மெய்ந்நிகர்க் காட்சியின் மருமத்தை அறிந்துகொண்டால் அதன் விலையின் காரணமும் விளங்கும். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. அவ்விரு வேறுபட்ட உருக்களையும் மூளை இணைத்து ஆழத்தை அறிகின்றது. இதனை இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் விளக்கி, இரு சித்திரங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டும் கருவியொன்றைக் கண்ணாடிகளால் அமைத்தார். டேவிட் புரூஸ்டர் 1849-இல் வில்லைகளைக் கொண்டு அதனைக் கைக்கடக்கமாக்கினார். பின்னர் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861-இல் மிக எளிய, மலிவான வடிவொன்றை இயற்றினார். அதற்கு அவர் காப்புரிமை பெறாமையால் எவரும் அதனைச் செய்து விற்கலாயினர்; அது வீடுதோறும் புகுந்தது. இன்றைய பெட்டியும் அடிப்படையில் அஃதே. தலை திரும்பும் போதெல்லாம் காட்சியும் உடன் திரும்புவது ஒன்றே புதுமை. அதனை ஐவன் சதர்லாந்து 1968-இல் செய்து காட்டினார்; அக்கருவியின் பாரம் தாங்காது கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது!

காட்சி தலையுடன் திரும்பவேண்டும் என்னும் அந்தப் புதுமையே விலையை ஏற்றுவது. மெட்டா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ‘குவெஸ்ட் 3எஸ்’ என்னும் பெட்டியை நோக்குவோம். அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1,832 பெருக்கல் 1,920 ஒளிப்புள்ளிகள் உள. இரு கண்ணுக்கும் சேர்த்து ஏறத்தாழ 70 இலட்சம். அவற்றை நொடிக்கு 90 முறை புதிதாகத் தீட்டினால் நொடிக்கு 63 கோடிப் புள்ளிகள் ஆகும். சாதாரண மடிக்கணினியின் திரை 1,920 பெருக்கல் 1,080 புள்ளிகளை நொடிக்கு 60 முறை காட்டினால் 12 கோடியே ஆகும். ஐந்து மடங்கு வேலை என்பது வெளிப்படை. கணினியுடன் இணைத்துக் காணும் பெட்டிகளுக்கு இவ்வேலையைச் செய்ய வலிய ‘கிராபிக்ஸ் கார்டு’ வேண்டும். அக்கார்டு ஒன்றே நம் குடும்பத்தின் தொகையை விழுங்கிவிடும். ஆதலின் அவ்வகையை இங்கேயே விலக்கிவிடுகின்றோம்.

கணினியின் துணையின்றித் தானே இயங்கும் குவெஸ்ட் 3எஸ் அமெரிக்காவில் 299 டாலருக்கு வெளிவந்தது. நம் நாட்டுக்கு வந்து சேர்கையில் வரியும் இடைத்தரகும் சேர்ந்து, 30,000 ரூபாயில் மிஞ்சுவது ஒன்றும் இராது. மிஞ்சினாலும் எமக்கு உடன்பாடில்லை. ஒருவர் அணிந்திருக்கையில் ஏனையோர் அவர் கைகளை வீசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவே முடியும். இரு வில்லைகளுக்கிடையே உள்ள தொலைவை 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளில் மட்டும் அமைக்கலாம். சிறு பிள்ளைகளின் கண்ணிடைத் தொலைவு அதனினும் குறைவாயிருத்தல் கூடும். பத்து வயதுக்குக் குறைந்தோர்க்கு உரியதன்று என்று ஆக்கியோரே விதித்துள்ளனர். மகள் தன் ஆய்வுக் கட்டுரையை அதில் எழுதவும் இயலாது. இத்தகைய பெட்டியைப் பள்ளி வாங்கலாம், கல்லூரி வாங்கலாம். நூறு பேர் முறைவைத்துக் காணின் விலை சுருங்கும். தனி வீடொன்று வாங்குதற்குரிய காலம் தேவனூர் நாட்டுக்கு இன்னும் வரவில்லை என்பதே எம் துணிபு.

அங்ஙனமாயின் மகனும் பாட்டியும் இவ்வியப்பைக் காணாதே இருப்பதோ? வேண்டுவதில்லை. 2014-இல் கூகுள் நிறுவனம் ஹோம்ஸின் வழியையே பின்பற்றி, மடித்த அட்டையும் இரு வில்லைகளும் கொண்ட ‘கார்டுபோர்டு’ என்னும் கண்ணாடியை வெளியிட்டது. வீட்டிலுள்ள கைப்பேசியை அதனுள் வைத்தாற் போதும். 2021-இல் அந்நிறுவனம் அதனை விற்பதை நிறுத்திவிட்டதெனினும், அதன் மென்பொருளை 2019-இலேயே யாவரும் எடுத்தாளத் திறந்துவிட்டமையால் மற்றோர் செய்த கண்ணாடிகள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. 2023-இல் ஜியோ நிறுவனமும் கைப்பேசி வைக்கும் ‘ஜியோடைவ்’ என்பதை 1,299 ரூபாய்க்கு வெளியிட்டது. இவற்றில் நடந்து செல்ல முடியாது. நின்ற இடத்தில் தலையைத் திருப்பிக் காணலாம், அவ்வளவே. முதன்முறை காண்பார்க்கு அதுவே பெரிது.

வாங்குமுன் ஒன்றைச் சோதித்தல் வேண்டும். தலை திரும்புவதைக் கைப்பேசிக்கு உணர்த்துவது ‘ஜைரோஸ்கோப்’ என்னும் உறுப்பு. விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் அஃது இல்லை. அஃதில்லாத பேசியை எத்துணை நல்ல கண்ணாடியில் வைத்தாலும் காட்சி அசையாது, அல்லது தாறுமாறாய் அசையும். கண்ணாடிக்காரர் இதனைச் சொல்லுவதில்லை.

இன்னொன்று. மலைப் பேருந்தில் வளைவுகளில் ஏறுகையில் நூல் வாசித்தால் குமட்டுவதை அறிவோம். உடல் அசைவதாகக் காது சொல்ல, எழுத்து அசையவில்லை என்று கண் சொல்வதே அதற்குக் காரணம். மெய்ந்நிகர்க் காட்சியில் இது தலைகீழாகின்றது: கண் பறக்கின்றது, காதின் உள்ளுறுப்போ திண்ணையில் இருக்கின்றது. மேலும், அருகிலுள்ள பொருளைக் காண நம் கண்கள் உட்புறம் திரும்புவதும் கண்வில்லை அதற்கேற்பக் குவிவதும் இயல்பில் ஒருங்கே நிகழ்வன. பெட்டியினுள் கண் திரும்பினாலும் குவியம் ஒரே தொலைவில் நின்றுவிடும். ஆதலால் கண் அயரும். அமர்ந்தே காண்க, சில நிமிடங்களுடன் நிறுத்துக. கண்ணாடியை வெயிலில் வைத்தல் ஆகாது: வில்லை கதிரைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். மழைக்காலத்து ஈரத்தில் வில்லையிற் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைத்தல் நன்று.

இனிக் கணினி. பணத்தின் பெரும்பகுதி இதற்கே செல்லவேண்டும். ஆனால் ஒரு காசும் செலவிடுமுன் மகளின் உரிமையை விசாரித்தல் முறை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பயன்பெற்றனர். அது சில ஆண்டுகள் நின்றிருந்தபின், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் அளிக்கப்பெற்ற வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கல்லூரி அலுவலகத்திற் கேட்டறிவது ஒரு நாள் வேலை.

மேசைக்கணினியும் மடிக்கணினியும் தம்முள் போட்டியிடுமிடத்து, மலைக்கு மடிக்கணினியே ஏற்றது. காற்று மழையில் மின்சாரம் நிற்பினும் அது நில்லாது. 40 வாட்-மணி கொள்ளும் மின்கலம், பொறி 10 வாட் உண்ணுமாயின், நான்கு மணி நேரம் தாங்கும். மேசைக்கணினிக்குத் தனியே யு.பி.எஸ். வாங்கல் வேண்டும். ‘ராஸ்பெரி பை’ என்னும் மிகச் சிறு கணினியைச் சிலர் பரிந்துரைப்பர். 2020-இல் விசைப்பலகைக்குள்ளேயே கணினி அடங்கிய வடிவொன்று 70 டாலருக்கு வந்தது, மெச்சத்தக்க படைப்பு. எனினும் அதற்குத் திரை வேண்டும். 2006 முதல் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி இன்னும் வீட்டில் இருந்தாலும் உதவாது. பழைய குழாய் வகையாகிய அதில் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது.

புதிய மடிக்கணினியா, பயன்படுத்தியதா? 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவுச் சில்லுகளை வாரிக்கொண்டமையால் அவற்றின் விலை மிக ஏறியது. மலிவான புதுப் பொறிகளில் விற்போர் முதலில் குறைப்பது அந்நினைவையே. ஆதலின் அலுவலகங்கள் கழித்த, வணிகத் தரமுள்ள மடிக்கணினியை நம்பகமான கடையில், பட்டியலும் உறுதிக்காலமும் பெற்று வாங்குதலை யாம் மேலெனக் கொள்கின்றோம். அவற்றின் உடல் உறுதி, உறுப்புகள் கிடைக்கும், நாமக்கல்லிலோ சேலத்திலோ திறந்து பழுதுபார்க்க ஆளுண்டு. எட்டு கிகாபைட் ரேமும், சுழலும் வட்டுக்கு மாறாக எஸ்.எஸ்.டி. சேமிப்பும் இருத்தல் வேண்டும்.

இதில் ஒரு பொறி மறைந்து கிடக்கின்றது. விண்டோஸ் 10-க்குரிய இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் சில்லாயின், எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. எனவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பொறிகள் கடைகளில் மலிவாகக் குவிகின்றன. கடைக்காரர் மலிவின் காரணத்தைக் கூறாதிருத்தல் கூடும். அவற்றை வாங்கலாகாது என்பதில்லை. லினக்ஸ் இட்டுக்கொள்வதாயின் வாங்கலாம், எட்டாந் தலைமுறையின் விலைக்கு மட்டும் வாங்கலாகாது. சி-டாக் நிறுவனம் சென்னையில் ஆக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இந்திய மொழிகளுக்கென்றே அமைந்தது.

தமிழைப்பற்றியும் ஒரு சொல். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாய் எழுந்த ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமுமாக அமைந்துள. ஆங்கிலம் அறியாத தாயும் சில நாளில் பழகலாம். மிளகுக் கணக்கும் விண்ணப்பமும் அவள் கையாலேயே எழுதப்படுமாயின், அப்பொறி மாணவருடையதாக மட்டும் நில்லாது குடும்பத்தினுடையதாகும்.

இணையம் மலையில் மெலிந்திருப்பின் என் செய்வது? 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை முழுதும் ஒரே கோப்பாக இறக்கி இணையமின்றிப் படிக்க ‘கிவிக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் உதவுகின்றது. மெய்ந்நிகர்க் காட்சிப் படங்களும் பெருங்கோப்புகளே. மகள் இவற்றைக் கல்லூரியில் இறக்கிப் பென்டிரைவில் இட்டு விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரலாம்.

எம் கணக்கு இது: மடிக்கணினிக்கு 20,000 ரூபாய்க்கு மேற்போகாமை, பழைய மின்கலத்தை மாற்ற 3,000, இடி மின்னலில் மின்னழுத்தம் பாயாமற் காக்கும் இணைப்புப் பலகை, பென்டிரைவ் இரண்டுக்கும் 2,000, காட்சிக் கண்ணாடிக்கு 1,000. எஞ்சிய 4,000 செலவிடற்பாலதன்று. முதற் பழுது வரும் நாளுக்கு அஃது இருக்கட்டும். தவணை முறையில் அதிகம் வாங்கத் தூண்டுவோர் உளர். தவணை திங்கள்தோறும் வரும், மிளகோ வாராது.

கடையில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் பொறியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். மின்கலத்தின் மெய்ந்நிலை அதனால் வெளிப்படும். பின்பு ஒவ்வொரு விசையையும் அழுத்தி, திரையை முழு வெண்மையாக்கிக் கறையுண்டா என நோக்கி, யூ.எஸ்.பி. துளைகள் அனைத்திலும் பென்டிரைவைச் செருகி எடுத்து, படக்கருவியையும் ஒலிபெருக்கியையும் சோதித்து, தமிழில் ‘தேவனூர் நாடு’ என்று எழுதிச் சேமித்து, அணைத்து, மீண்டும் திறந்து அவ்வெழுத்து இருக்கக் கண்டபின் பணத்தை எண்ணுக.