டெல்லி வளைவுக்கு இல்லாத ‘தி’

டெல்லியில் ஒரு வளைவு, மும்பையில் ஒரு வளைவு. முதல் உலகப் போரில் மாண்ட இந்திய வீரர்களின் நினைவாக எழுந்து 1931இல் திறக்கப்பட்டது இந்தியா கேட். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911இல் வந்திறங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டு 1924இல் திறக்கப்பட்டது கேட்வே ஆஃப் இந்தியா. ஆங்கிலத்தில் எழுதும்போது மும்பை வளைவுக்கு முன்னால் ‘தி’ வந்தே ஆக வேண்டும். டெல்லி வளைவுக்கு வரக் கூடாது. இரண்டும் வாயில்கள்தான், இரண்டு பெயரிலும் இந்தியா இருக்கிறது. பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

பெயர்ச்சொல் பெயராக நின்றால் ஆர்ட்டிகிள் வேண்டாம் என்று பள்ளியில் ஆரம்பிக்கிறார்கள். அடுத்த பக்கத்திலேயே நதி, கடல், மலைத்தொடர், பாலைவனம் எல்லாவற்றுக்கும் ‘தி’ போடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் பட்டியலை உருப்போடுகிறார்கள். பட்டியலில் இல்லாத கட்டடம் ஒன்று கேள்வித்தாளில் வந்தால் திணறிப்போகிறார்கள். பட்டியலுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஒரு பெயர் இன்னும் வர்ணனையாகக் காதில் விழுகிறதா, அல்லது ஆள்பெயர்போல இறுகிவிட்டதா என்பதுதான் அந்தக் காரணம். அமெரிக்க அதிபரின் மாளிகையை மக்கள் அதன் நிறத்தை வைத்து வெள்ளை வீடு என்றார்கள். 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் அதையே அதிகாரப்பூர்வப் பெயராக்கினார். உலகில் எத்தனையோ வெள்ளை வீடுகள் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒன்றைச் சுட்டவே ‘தி ஒயிட் ஹவுஸ்’. சீனப் பெருஞ்சுவர், டெல்லி செங்கோட்டை, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களும் இப்படிப்பட்ட வர்ணனைகளே. அதனால் ‘தி’ ஒட்டிக்கொண்டது.

ஆனால் பக்கிங்ஹாம் பேலஸ், விண்ட்ஸர் காஸில், ஹைட் பார்க், டிரஃபால்கர் ஸ்கொயர் ஆகியவை வேறு வகை. ஓர் ஆளின் பெயரோ இடத்தின் பெயரோ முன்னால் நின்று, அரண்மனை, பூங்கா, சதுக்கம், தெரு, நிலையம் என்று முடிந்தால் ஆங்கிலம் பெரும்பாலும் அதை முழுப்பெயராகவே எடுத்துக்கொள்கிறது. இந்தியா கேட்டும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்கிறது. நடுவில் ‘ஆஃப்’ வந்துவிட்டாலோ பெயர் மறுபடி வர்ணனையாகிவிடும்: தி கேட்வே ஆஃப் இந்தியா, தி டவர் ஆஃப் லண்டன். சென்னைப் பல்கலைக்கழகமே நல்ல சான்று. ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டி’ என்றால் ஒன்றும் வேண்டாம். ‘யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்றால் ‘தி’ இல்லாமல் முடியாது.

மியூசியம், ஹோட்டல், தியேட்டர் என்று முடிபவை பொதுவாக ‘தி’ கேட்கும். டவரும் பெரும்பாலும் அப்படித்தான். ஈஃபிள் என்பது ஒரு பொறியாளரின் பெயர் என்றாலும் ‘தி ஈஃபிள் டவர்’தான்.

பாலங்களில்தான் சுவாரஸ்யம் கூடுகிறது. லண்டன் பிரிட்ஜ், டவர் பிரிட்ஜ், வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் மூன்றும் வெறுமனே நிற்கின்றன. அதே பிரிட்டனில், 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்துக்கும் 1981இல் திறந்த ஹம்பர் பாலத்துக்கும் ‘தி’ உண்டு. ஃபோர்த் ஓர் ஆறு, ஹம்பர் ஒரு கழிமுகம். நீர்ப்பெயர்கள் ஏற்கெனவே சுமந்திருந்த ‘தி’ பாலத்துக்கும் வந்துவிட்டது. கடல் தாண்டினால் பழக்கமே மாறுகிறது: நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் (1883), சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் (1937) இரண்டுக்கும் ‘தி’ உண்டு. நம் பாம்பன் பாலத்தை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அதைப் பிழை என்று யாரும் அடிக்கத் தேவையில்லை.

வேற்றுமொழிப் பெயர்களில் கட்டடமா, ஊரா என்று பார்ப்பது உதவும். தாஜ் மஹால், கிரெம்ளின், பார்த்தினான் ஆகியவற்றுக்கு ‘தி’ வரும். மச்சு பிச்சுவுக்கு வராது, அது ஊர்ப்பெயர்போல வழங்குகிறது. அங்கோர் வாட் கோயிலாக இருந்தும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

இந்தச் சின்னச் சொல்லால் மனம் புண்பட்டவர்களும் உண்டு. சோவியத் காலத்தில் ஆங்கிலத்தில் ‘தி உக்ரைன்’ என்பது சாதாரண வழக்கு. 1991இல் நாடு விடுதலை பெற்றபின் உக்ரைனியர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். ஏதோ ஒரு வட்டாரத்தைக் குறிப்பதுபோல அது அவர்களுக்குக் கேட்டது. நாளிதழ்களும் கைவிட்டன. ஆற்றின் பெயரால் அமைந்த காம்பியாவோ ‘தி’யைத் தன் பெயரின் பகுதியாகவே வைத்திருக்கிறது.

தமிழுக்கு ஆர்ட்டிகிள் இல்லை. ஆனால் ‘புத்தகம் வாங்கினாள்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சட்டென்று பிடிபடும். பின்னதில் எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்குத் தெரியும். இடப்பெயரில் அந்தத் துப்பு கிடைப்பதில்லை. ‘தாஜ் மஹால் பார்த்தோம்’, ‘தாஜ் மஹாலைப் பார்த்தோம்’ இரண்டும் நமக்கு ஒன்றே. ஆங்கிலம் எழுதும்போது இங்கேதான் கை தடுமாறுகிறது.

பெயர்ப்பலகையும் வரைபடமும் நுழைவுச்சீட்டும் இதில் துணை செய்யாது. அவற்றில் ‘தி’யைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஈஃபிள் கோபுரத்தின் பெயரை வரைபடத்தில் பார்த்துக் கற்றவருக்கு ‘தி’ கண்ணில் படவே படாது. ஆங்கில நாளிதழில் அந்த இடத்தைப் பற்றிய செய்தி ஒன்றை எடுத்து, வாக்கியத்துக்குள் அந்தப் பெயர் எப்படி வருகிறது என்று பார்ப்பதே சரியான வழி.