ஏறாமல் சுற்றி வாருங்கள்

ஆஸ்திரேலியாவின் நடுவே பாலைநிலத்தில் நிற்கும் உலூரு என்னும் செம்மலையைக் காணச் செல்கிறீர்களா? சமவெளியிலிருந்து 348 மீட்டர் எழும்பி நிற்கும் மணற்பாறை அது. உள்ளே அதன் நிறம் சாம்பலே. பாறையிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருவேறியதனால் வெளிப்புறம் சிவந்திருக்கிறது. சூரியன் மறையும் வேளையில் அது தணலைப் போல ஒளிர்வதைக் காண்பீர்கள்.

உச்சிக்கு ஏறவேண்டும் என்ற ஆவல் யாருக்குத்தான் எழாது? முற்காலத்தில் பிடித்து ஏறச் சங்கிலியே கட்டியிருந்தார்கள். ஆனால் அம்மலை அனாங்கு என்னும் பூர்வகுடி மக்களுக்குப் புனிதமானது. 1985-ல் அந்நிலம் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஏறவேண்டாம் என்று அவர்கள் வேண்டிக்கொண்ட பின்பும் பலர் ஏறினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர்; தங்கள் நிலத்தில் விருந்தினர் மடிவது அனாங்கு மக்களுக்குப் பெருந்துக்கமாயிருந்தது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை. அதற்கு முந்தின நாட்களில் ஏறுவோர் வரிசை நீண்டது என்பதே எனக்கு வருத்தம்.

அடிவாரத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 10 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். கோடையில் விடியுமுன் புறப்பட்டு, காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் மிகுதியாக வேண்டும். சில இடங்களில் புகைப்படம் எடுக்கவேண்டாம் என்ற பலகை இருக்கும். அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.