பழங்கொட்டிலில் பிறந்த பங்குத் தொழில்

1937-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்த கதையைப் பெரியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் நம்முள் பலர். மதுவிலக்கை நாட்டின் நெறியாகச் சுட்டும் அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவையும் நாம் அறிவோம். அத்தகைய குடும்பங்கள் படிக்கும் இதழில் பீர் ஆலை ஒன்றைப் பற்றி எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அந்தப் பானத்தை எவருக்கும் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. அதைக் காய்ச்சிய கொட்டிலை ஓர் ஊரார் தம் கைப்பணத்தால் காத்துக்கொண்ட முறையே நாம் சொல்ல வந்தது.

இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா என்னும் மலைநாடு உள்ளது. அதன் வடபுறத்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூர் இருக்கிறது. பெயரிலேயே சந்தை உண்டு. சந்தையோ என்றோ நின்றுவிட்டது. 1857-இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நண்பர் வில்கி காலின்ஸுடன் இங்கு வந்து, அருகிலுள்ள காரக் மலையில் ஏறினார். மழையிலும் மூடுபனியிலும் வழிதவறி, காலின்ஸ் கணுக்கால் சுளுக்கித் திரும்பினார். இவ்வூரின் நடுவே ‘ஓல்டு கிரௌன்’ என்றோர் அருந்தகம் உண்டு. அந்நாட்டுச் சிற்றூர்களில் அருந்தகம் என்பது குடிக்குமிடம் மட்டுமன்று. நம் ஊர்ச் சாவடியைப் போல, மாலையில் நாலுபேர் கூடி நல்லது கெட்டது பேசுமிடமும் அதுவே.

அந்த அருந்தகத்தின் பின்புறம் பழங்கொட்டில் ஒன்று இருந்தது. 1988-ஆம் ஆண்டு அருந்தகத்தை நடத்திவந்த தம்பதியர் அதனைச் செப்பனிட்டு, சிறிய பீர் ஆலையாக்கினர். பெருநிறுவனங்கள் ஊர்தோறும் ஒரே சுவையுள்ள பானத்தை அனுப்பிக்கொண்டிருந்தமையால், பழைய முறையைக் காக்க வேண்டுமென்று 1971-இலேயே அந்நாட்டில் இயக்கம் ஒன்று தோன்றியிருந்தது. அவ்வியக்கத்தால் சிற்றாலைகளுக்கு மீண்டும் மதிப்பு வந்த காலம் அது.

செய்முறை நமக்கு முற்றும் புதிதன்று. நம் தாய்மார் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவதுபோல, அவர்கள் வாற்கோதுமையை ஊறவைத்து, முளைவிடச் செய்து, சூட்டில் உலர்த்துவர். அதனை நொறுக்கி, ஏறக்குறைய 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்தின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை இறுத்து, ஹாப் என்னும் கொடியின் பூவை இட்டுக் கொதிக்கவைப்பர். கைப்பும் மணமும் அதனால் வருவன. ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால், இரவில் இட்லி மாவு பொங்குவதுபோல அதுவும் சில நாள் நுரைத்துப் பொங்கும். இவ்வாறு வடித்தெடுத்த வகைகள் பலவற்றிற்குச் சுற்றியுள்ள மலைகளின் பெயர்களையே சூட்டினர். ஒன்று மட்டும் அக்குடும்பத்து மூதாட்டி ஒருவரின் தொண்ணூறாம் பிறந்தநாளின் பெயரைத் தாங்கி நின்றது.

1999-இல் ஆலையைத் தொடங்கியவர் ஓய்வுபெற எண்ணினார். ஊரார்க்கு அச்சம் எழுந்தது. வெளியார் வாங்கினால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டிலைப் பூட்டிவிடலாம். பூட்டிய கதவு பின்னர் எளிதில் திறவாது. ஆதலின் ஊராரும் அக்கம்பக்கத்தாரும் பங்குப்பணம் திரட்டி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஆலையைத் தாமே விலைக்கு வாங்கினர். எவரெஸ்ட் பயணங்களுக்குத் தலைமை தாங்கிய மலையேற்ற வீரர் கிறிஸ் பானிங்டனும் பங்குதாரருள் ஒருவர். ஆயினும் கூட்டுறவின் விதிப்படி, புகழ்பெற்றவர்க்கும் ஒரு வாக்கு. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஒரு வாக்கு.

சோதனை விரைவில் வந்தது. 2001-ஆம் ஆண்டு பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது மிகக் கடுமையாகத் தாக்குண்டது கம்பிரியாவே. மந்தை மந்தையாகக் கால்நடைகள் அழிக்கப்பட்டன, மலைப்பாதைகள் அடைக்கப்பட்டன, வெளியூர் மக்கள் வருகை நின்றது. அத்தகைய காலத்தைக் கடந்த ஊரார், 2003-இல் அருந்தகமும் விலைக்கு வந்தபோது பின்வாங்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கு செலுத்தி அதனையும் வாங்கினர். பிரிட்டனில் கூட்டுறவாளர் உடைமையான முதல் அருந்தகம் என்ற பெயர் அதற்கு வாய்த்தது.

இவ்வழிக்கு முன்னோடி அந்நாட்டிலேயே இருந்தது. 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாலையில், ராச்டேல் நகரத் தொழிலாளர் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்த முதலைக்கொண்டு, பழைய பண்டசாலை ஒன்றின் கீழ்த்தளத்தில் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே அன்று அவர்களிடம் இருந்த சரக்கு. தெருச் சிறுவர் எள்ளி நகைத்தனர். அந்தக் கடையின் விதிகளே பின்னர் உலகெங்கும் கூட்டுறவின் இலக்கணமாயின. அவ்வழியில் 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது; அதனைத் தொடங்கியவருள் சீனிவாச சாஸ்திரியார் முதன்மையானவர். ஆகவே இச்செய்தி நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இதனை இங்கே எழுத நமக்கொரு காரணம் உண்டு. நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். நாம் வந்ததனால் அங்கே பூட்டப்பட்ட கதவுகள் உண்டு: நெற்களஞ்சியம், செக்கு நின்ற கூடம், பாட்டன் காலத்து அரிசி ஆலை. விடுமுறையில் சென்று பார்த்து, பெருமூச்சு விட்டு, ஓட்டைப் பிரித்து விற்கலாமா என்று கேட்டுத் திரும்புகிறோம். விற்றால் வருவது நம்முள் நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் சிறுதொகை. ஆனால் அவ்விடத்தில் எண்ணெய் ஆட்டவோ, சிறுதானியம் குத்தவோ, அப்பளம் இடவோ ஊரார் பத்துப்பேர் முன்வந்தால், நாம் இங்கிருந்தபடியே பங்கு செலுத்தலாகாதா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. திறப்புவிழாவிற்கு மாலையும் சந்தனமும் கிடைப்பது எளிது. மூன்றாம் ஆண்டின் கணக்கைப் படித்துக் கையொப்பமிட ஆள் கிடைப்பது அரிது. பங்குப்பணம் வங்கியில் இட்ட பணம்போலப் பத்திரமானதன்று. தொழில் நொடித்தால் அதுவும் குறையும். நன்கொடை கொடுத்தவர் மறந்துவிடலாம். பங்கு கொடுத்தவர் மறக்கலாகாது. ஆண்டுக்கூட்டத்திற்கு வருதல், கேட்கவேண்டியதைக் கேட்டல், நட்டம் வந்த ஆண்டிலும் உடன் நிற்றல் ஆகிய மூன்றும் பங்கினுள் அடங்கிய கடமைகள். நம் சங்கத்திலும் ஆண்டுக்கூட்டத்தன்று எத்தனை நாற்காலிகள் வெறுமையாய் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், பூட்டிய கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரித்து வாருங்கள். மற்றவற்றைக் கூடிப் பேசலாம்.